குறுக்கே நிற்கும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியசில் தமிழ் படிக்கிறவர்களும், கோவில் அறிவிப்பு எழுதுகிறவர்களும், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எல்லாம் தடுப்பது, மறிப்பது, இடைஞ்சல் செய்வது பற்றியவை. வாயில் கிரியோல், பாடப்புத்தகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளர்கிற பிள்ளைக்கு இந்தச் சொற்களில்தான் கால் இடறுகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

1. 'ஆம்பெசே' என்ற கிரியோல் சொல்லுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்லுங்கள், போதும்.

தடு. தடுக்கிறேன், தடுத்தேன், தடுப்பேன். ஒன்றே ஒன்றுதான் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அனேகமாகப் பொருள் புரிந்துவிடும்.

ஆனால் கிரியோலின் ஆம்பெசே போகிற எல்லா இடத்துக்கும் 'தடு' போகாது. குறுக்கே நிற்பது ஆளா, பொருளா, உத்தரவா என்று தமிழ் முதலில் பார்க்கும். ஒருவர் கையை நீட்டி நிறுத்தினால் தடுக்கிறார். பாதையின் நடுவில் போய் நின்றால் மறிக்கிறார். கால்வாயில் குப்பை சேர்ந்தால் அடைப்பு. அரசாங்கம் கையெழுத்துப் போட்டு நிறுத்தினால் தடை. மழையால் ஆட்டம் பாதியில் நின்றால் தடங்கல். இந்த ஐந்தும் பிடிபட்டால் மீதிக் கேள்விகள் சுலபம்.

2. தடை, தடுப்பு இரண்டும் ஒன்றுதானே? அகராதியில் ஒரே அர்த்தம் போட்டிருக்கிறது.

இரண்டும் 'தடு'விலிருந்து வந்தவைதான். உடு என்பதிலிருந்து உடை, எடு என்பதிலிருந்து எடை வந்ததுபோலத் தடு என்பதிலிருந்து தடை. ஆனால் புழக்கத்தில் வேலை பிரிந்துவிட்டது. தடை என்பது உங்கள் வழியில் இருக்கிற ஒன்று, அல்லது உங்கள்மேல் விதிக்கப்பட்ட ஒன்று. தடுப்பு என்பது கெட்டது ஒன்று வராமல் இருக்க நீங்களே ஏற்படுத்துவது. அதனால்தான் தடுப்பூசி, தடுப்பணை, தடுப்புச்சுவர். 'தடையூசி' என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டப்பந்தயத்தில் தாண்டுவது தடை: 110 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் 10 தடைகள்.

இந்தத் தீவில் எல்லாருக்கும் நினைவிருக்கிற உதாரணம் ஒன்று. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசியத் தொடங்கியதும் ஜனங்கள் துணியை நீளக் குழாயாகத் தைத்து, உள்ளே காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் புட்டிகளைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். அது மிதவைத் தடுப்பு. எண்ணெயைப் பொறுத்தவரை அது ஒரு தடை என்றும் சொல்லலாம். ஆனால் செய்தவர்கள் பக்கத்திலிருந்து பேசினால் தடுப்பு என்பதுதான் சரி.

3. "அவன் போவதிலிருந்து தடுத்தேன்" என்று எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

'இலிருந்து'தான் தப்பு. அது பிரெஞ்சு, ஆங்கில வாக்கியத்தின் நிழல். வீட்டிலிருந்து வரலாம், மரத்திலிருந்து விழலாம். 'போவதிலிருந்து' தடுக்க முடியாது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலும் இப்போது இது தலைகாட்டுகிறது என்பது உண்மை. அதற்காக அது நல்ல தமிழாகிவிடாது.

தமிழில் இதற்கு இரண்டு வழி. முதல் வழி, நடக்கக்கூடாத செயலை 'ஆமல்' போட்டு எதிர்மறையாக்குவது: வராமல், போகாமல், விழாமல், நுழையாமல், பேசாமல், நடக்காமல். அதன்பின் 'தடு'. "எண்ணெய் கரைக்கு வராமல் தடுத்தார்கள்." "மாடு தோட்டத்துக்குள் நுழையாமல் தடுத்தோம்." தடுக்கப்படுகிறவர் தானே விரும்பிச் செய்யப்போகிற காரியமாக இருந்தால் 'விடாமல்' சேர்ப்பது இன்னும் இயல்பு: "அவனைப் போகவிடாமல் தடுத்தேன்." பேச்சில் தடுவே தேவைப்படாது. "என்னைப் பேசவே விடல" என்றால் முடிந்தது.

இரண்டாவது வழி, செயலையே பெயராக்கி 'ஐ' போடுவது: "அவன் போவதைத் தடுத்தேன்." ஒன்று கவனியுங்கள்: இரண்டையும் கலந்து "அவன் போகாததைத் தடுத்தேன்" என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். தேர்வுத்தாள்களில் இது நிறைய வருகிறது.

4. அவனைத் தடை, அவனுக்குத் தடை... எப்போது 'ஐ', எப்போது 'கு'?

வினைச்சொல் நேரே ஆளைத் தொட்டால் 'ஐ': அவனைத் தடுத்தேன், வண்டியை மறித்தேன், கூட்டத்தைத் தடைசெய்தார்கள். தடை, இடையூறு, இடைஞ்சல் என்று பெயர்ச்சொல்லாக நின்றால் 'கு': அவனுக்குத் தடையாக இருந்தேன், அவள் படிப்புக்கு இடையூறு செய்யாதே, கூட்டத்துக்குத் தடை விதித்தார்கள்.

தடை எந்த வினையோடு சேரும் என்பதையும் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. அரசு தடை விதிக்கும், வீட்டுப் பெரியவர் தடை போடுவார் அல்லது தடை சொல்வார், வழக்காடுகிறவர் நீதிமன்றத்தில் தடை வாங்குவார். பிறகு தடை நீங்கும், அல்லது நீக்கப்படும். 'தடை கொடுத்தார்' என்பது மட்டும் காதுக்கு ஒட்டவில்லை; நீதிமன்றம் பற்றிய பேச்சில் சிலர் சொல்வார்கள், எழுத்தில் தவிர்க்கலாம்.

5. "வழியை மறைக்காதீர்" என்று எங்கள் கோவிலில் பலகை வைத்திருக்கிறோம். சரியா?

வழி யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது என்றால் சரி! நீங்கள் சொல்ல நினைத்தது 'மறிக்காதீர்'. மறை என்றால் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது. மறி என்றால் போகவிடாமல் செய்வது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

நினைவில் வைக்க ஒரு சின்ன சோதனை. டிவிக்கு முன்னால் அண்ணன் போய் நிற்கிறான்: "டேய், மறைக்காதே!" அதே அண்ணன் கதவு நிலையில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான்: "டேய், மறிக்காதே!" முதலாவதில் அடிபடுவது கண், இரண்டாவதில் கால். பலகைக்கு வேண்டிய வரி: "வாசலை மறித்து வண்டி நிறுத்தாதீர்கள்."

6. இடையூறு, இடைஞ்சல், தடங்கல், தொந்தரவு. எல்லாவற்றுக்கும் கிரியோலில் 'தெரான்ஸே' என்றே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு வரிசை சொல்லமுடியுமா?

தொந்தரவு மனத்தைத் தொடுவது: கொசு, பக்கத்து வீட்டுச் சத்தம், ஓயாத தொலைபேசி. வேலை நின்றாலும் நிற்காவிட்டாலும் தொந்தரவு தொந்தரவுதான். இடைஞ்சல் அதைவிட இடம் சார்ந்தது. நடுவில் ஏதோ இருக்கிறது, நகர முடியவில்லை. சமையலறையில் நாலு பேர் நின்றால் அது இடைஞ்சல். இடையூறு அதன் முறையான அண்ணன். இடை, ஊறு என்று பிரியும். ஊறு என்றால் கெடுதல். போய்க்கொண்டிருக்கும் காரியத்தின் நடுவில் வரும் கெடுதல். கடிதத்திலும் அறிவிப்பிலும் இதுதான்: "பொதுமக்களுக்கு இடையூறு இல்லாமல்."

தடங்கல் இவற்றிலிருந்து வேறு. அதில் யார்மேலும் பழி இல்லை. ஓட்டம் சற்று நின்றது, மறுபடி தொடரும் என்ற நம்பிக்கை உண்டு. தமிழ்நாட்டில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குத் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற பலகை மறக்காது. படம் போய்விட்டது, ஆனால் வரும். அங்கே "தடைக்கு வருந்துகிறோம்" என்று எழுதியிருந்தால், யாரோ நிகழ்ச்சியையே தடைசெய்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பயந்திருப்பார்கள்.

7. குழாய் 'அடைந்திருக்கிறது' என்று எழுதினேன், எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்ததற்குக் காரணம், உங்கள் குழாய் எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. அடை என்ற வேர் இரண்டு விதமாக ஓடும். அடைகிறேன், அடைந்தேன் என்றால் போய்ச் சேர்வது: வீட்டை அடைந்தேன். அடைக்கிறேன், அடைத்தேன் என்றால் மூடுவது, வழியில்லாமல் செய்வது: ஓட்டையை அடைத்தேன். இரண்டுக்கும் 'த்', 'ந்' வித்தியாசம்தான்.

குழாய்க்கு மூன்று விதமாகச் சொல்லலாம். "குழாய் அடைத்துக்கொண்டது" என்பது பேச்சு வழக்கு. "குழாயில் அடைப்பு" என்பது பிளம்பரிடம் சொல்வது. "குழாய் அடைபட்டிருக்கிறது" என்பது எழுத்து. இதே அடைப்புதான் மூக்கடைப்பு, மாரடைப்பு, கடையடைப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. வன்மையும் மென்மையும் இப்படி ஜோடியாக வருவது இந்தக் குடும்பத்தில் சகஜம்: முடங்கு என்றால் தானே நின்றுபோவது, முடக்கு என்றால் இன்னொருவர் நிறுத்துவது. "வெள்ளத்தால் போக்குவரத்து முடங்கியது. ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து போக்குவரத்தை முடக்கினார்கள்." விலகு, விலக்கு என்பதும் இதே கணக்கு.

8. கால் 'தடுத்து' விழுந்தேன் என்று சொல்லலாமா?

கூடாது. கால் தடுக்கி விழுவீர்கள். தடுக்கு என்பது தனி வினை; கல்லோ படியோ காலில் பட்டு நிலை தவறுவது. 'இடறி' என்றாலும் அதே. "தடுக்கி விழுந்தால் கோவில்" என்றால் பார்க்கிற இடமெல்லாம் கோவில் என்று பொருள், யாரும் விழவேண்டியதில்லை. தடுக்கு என்ற பெயர்ச்சொல் வேறு. அது ஓலையில் முடைந்த சின்னப் பாய்.

9. மின்தடை என்றால் கரண்ட் போவதா, இயற்பியலில் வருகிற ஓம் கணக்கா?

இரண்டும். அறிவியல் புத்தகத்தில் மின்தடை என்றால் மின்னோட்டத்தை ஒரு பொருள் எதிர்க்கிற அளவு, அலகு ஓம். அதற்காகச் செய்யப்பட்ட உறுப்பு மின்தடையம். செய்தித்தாளில் மின்தடை என்றால் வீட்டில் விளக்கு எரியவில்லை. இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

புயலில் கம்பம் சாய்ந்து போனால் மின்தடை. உற்பத்தி போதாமல், இன்னின்ன பகுதிக்கு இத்தனை மணி நேரம் என்று அவர்களே நிறுத்தினால் மின்வெட்டு. வெட்டு என்றால் வெட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. விபத்தைத் தடுக்க வேண்டும், விபத்தைத் தவிர்க்க வேண்டும். எது?

நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. சாலைக்கு நடுவே சுவர் கட்டுகிற பொறியாளர் விபத்தைத் தடுக்கிறார். வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிற ஓட்டுநர் விபத்தைத் தவிர்க்கிறார். தடுப்பவர் எதிரே போய் நிற்கிறார், தவிர்ப்பவர் விலகிக்கொள்கிறார். பிரெஞ்சில் இதற்கு இரண்டு தனி வினைகள் உண்டு என்பதால், அதை நினைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். நோய்க்கு இரண்டும் பொருந்தும்: ஊசி போட்டுத் தடுக்கலாம், கூட்டத்துக்குப் போகாமல் தவிர்க்கலாம்.

11. முட்டுக்கட்டை என்பது உண்மையிலேயே ஒரு கட்டையா? எங்கே இருக்கிறது?

உண்மையான கட்டைதான். மேட்டில் நிற்கும் வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கடியில் மரத்துண்டையோ கல்லையோ செருகுவார்களே, அது. கரும்பு லாரி சரிவில் நிற்கும்போது இங்கேயும் பார்க்கலாம். முட்டிக்கொண்டு நிற்கிற கட்டை, அதனால் முட்டுக்கட்டை. இதிலிருந்துதான் "என் கல்யாணத்துக்கு மாமா முட்டுக்கட்டை போடுகிறார்" என்ற வழக்கு வந்தது.

ஆனால் தமிழ்நாட்டுத் தேர்த்திருவிழாவில் இந்தக் கட்டை செய்கிற வேலையைப் பார்த்தால் சொல்லின்மேலே மரியாதை வரும். பெரிய மரத்தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வடம் பிடித்து இழுக்கிறார்கள்; அவர்களுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தின் பக்கத்திலேயே, ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனத்த கட்டையோடு ஆட்கள் குனிந்தபடி நடப்பார்கள். தேர் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தேங்கும், இடது சக்கரம் ஓடும், தேர் வலப்பக்கம் முகம் திருப்பும். கட்டை ஒரு நொடி பிந்தினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும், முந்தினால் நின்றுவிடும். கையை உடனே எடுக்கத் தெரியாதவருக்கு இந்த வேலை கிடையாது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு முன் எல்லாத் தேருக்கும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இந்தக் கட்டைதான்.

ஆகவே 'முட்டுக்கட்டை' எழுதும்போது ஒன்றை யோசியுங்கள். அது ஓடுகிற, அல்லது ஓடக்கூடிய ஒன்றை நிறுத்துவது. பேச்சே இன்னும் தொடங்காத காரியத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. தொடங்கவே விடவில்லை என்றால் 'தடை போட்டார்' என்று எழுதுங்கள்.

12. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் "அவர் மறியலில் இருக்கிறார்" என்றார். போராட்டத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சிறையில் இருக்கிறாராமே?

இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறைக்காவல். அங்கே செய்திகளில் 'விளக்கமறியல்' என்று வருவது, வழக்கு விசாரணை முடியும்வரை காவலில் வைத்திருப்பது. உள்ளே இருப்பவரை வெளியே விடாமல் மறிப்பதால் மறியல்.

தமிழ்நாட்டில் மறியல் என்றால், பாதையில் உட்கார்ந்து அடுத்தவரைப் போகவிடாமல் செய்யும் போராட்டம்: சாலை மறியல், ரயில் மறியல். 1921-ல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னின்று நடத்திய கள்ளுக்கடை மறியல் இந்தப் பொருளில் பெயர்பெற்றது. மறி என்பதன் பொருள் (கேள்வி 5) இரண்டிலும் மாறவில்லை. மறிப்பது யார், மறிக்கப்படுவது யார் என்பதுதான் மாறுகிறது. தமிழ்நாட்டில் மறியல் செய்தவர் மாலைக்குள் கைதாகி இலங்கைப் பொருளிலும் மறியலுக்குப் போவது உண்டு என்பது தனிக்கதை.

13. தமிழ்நாட்டுச் செய்தியில் '144 தடை' என்கிறார்கள். எதற்கு 144?

இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு. ஓரிடத்தில் கூட்டம் சேரக்கூடாது என்று அதிகாரி உத்தரவிடலாம் என்றது அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 163-ஆம் பிரிவு. ஜனங்கள் வாயில் இன்னும் 144தான்.

நீதிமன்றம் பற்றிய செய்தியில் 'இடைக்காலத் தடை' என்றால் வழக்கு முடியும்வரை நிறுத்தி வைப்பது. 'தடையில்லாச் சான்று' என்பது "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஓர் அலுவலகம் எழுதிக்கொடுப்பது. மூன்றாம் கேள்வியில் பார்த்த 'தடு'வுக்கும் இதற்கும் குழப்பம் வேண்டாம், இங்கே தடை என்றால் மறுப்பு.

14. அப்படியானால் எதிர்ப்பும் தடையும் ஒன்றா?

இல்லை. எதிர்ப்பு என்பது "வேண்டாம்" என்று சொல்வது. தடை என்பது நடக்காமல் செய்வது. 1998-ல் புதிய மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழுக்கு மேல் இந்தி அச்சானபோது இங்குள்ள தமிழர்கள் காட்டியது எதிர்ப்பு. அந்த எதிர்ப்பால் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த வரிசையில் பழைய முறை திரும்பியது. தமிழர்கள் அந்தத் தாளைத் 'தடுத்தார்கள்' என்று எழுதினால், அச்சகத்தின் வாசலில் போய் நின்றதுபோல ஆகிவிடும்.

15. ஆபீஸில் யாரும் "முடியாது" என்று சொல்வதில்லை. ஆனால் வேலை நடப்பதில்லை. இதற்கு என்ன சொல்?

இந்தக் கேள்விக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. இன்று போ நாளை வா என்று மாதக்கணக்கில் அலையவிட்டால் இழுத்தடிக்கிறார்கள். கோப்பை வாங்கி அடியில் வைத்து மறந்துவிட்டால் கிடப்பில் போட்டுவிட்டார்கள். தேதியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் தள்ளிப்போடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் வேறு சாக்குச் சொல்லி நழுவினால் தட்டிக்கழிக்கிறார்கள். இந்த நாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது: இழுத்தடிப்பவர் உங்களை மறுபடி மறுபடி பார்க்கிறார், கிடப்பில் போட்டவர் உங்களைப் பார்ப்பதே இல்லை.

மேலதிகாரி சம்மதித்தும் கீழே இருப்பவர் விடவில்லை என்றால், "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்." பூசாரி எதிரில் இருக்கும்போது மட்டும் இதைச் சொல்லவேண்டாம்.

16. காலை வாருவது, குழி பறிப்பது, ஆப்பு வைப்பது. பரீட்சைக் கட்டுரையில் எழுதலாமா?

முதல் இரண்டும் எழுதலாம். காலை வாருபவர் உங்கள் பக்கத்தில் நிற்பவர், நம்பியவர். எதிரி காலை வாரமுடியாது. குழி பறிப்பவர் மறைவாகச் செய்கிறவர், நீங்கள் விழுந்த பிறகுதான் தெரியும். ஆப்பு கொச்சை, நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "பிழைப்பில் மண் அள்ளிப் போட்டான்" என்பதில் கோபமும் கண்ணீரும் கலந்திருக்கும்; கதையில் ஒரு பாத்திரம் பேசுவதாக எழுதினால் நன்றாக இருக்கும், கடிதத்தில் வேண்டாம்.

17. பாட்டி "நந்தி மாதிரி நிற்காதே" என்பார். நந்தி என்ன தப்பு செய்தது?

ஒரு தப்பும் செய்யவில்லை. சிவன் சன்னதிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது நந்தியின் இடம். திருப்புன்கூரில் நந்தனார், கோவிலுக்குள் நுழைய அனுமதியில்லாத குலத்தவர், வெளியே நின்று இறைவனைப் பார்க்க முயன்றபோது நந்தி மறைத்தது. சிவன் சொல்ல, நந்தி சற்று விலகிக்கொடுத்தது என்பது கதை. அந்தக் கோவிலில் நந்தி இன்றும் நேர்க்கோட்டிலிருந்து விலகித்தான் இருக்கிறது. கவனித்தீர்களா, அங்கே நந்தி செய்தது மறைத்தல். நந்தனாரைக் காலால் போகவிடாமல் மறித்தவர்கள் மனிதர்கள். ஐந்தாம் கேள்வியின் வித்தியாசம் ஒரே கதையில் முழுசாக இருக்கிறது.

இதே வகையில் இன்னும் இரண்டு. நல்ல நேரத்தில் வேண்டாத ஆள் வந்து கெடுத்தால் "சிவபூஜையில் கரடி புகுந்ததுபோல." தானும் அனுபவிக்காமல் அடுத்தவரையும் விடாதவன் வைக்கோற்போரில் படுத்த நாய்: தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது.

18. 'தங்கத் தடையின்றி' என்று மேடையில் சொல்கிறார்கள். தங்கத்துக்கு என்ன தடை?

தங்கத்துக்கு ஒன்றுமில்லை. அது 'தங்குதடையின்றி'. தங்கு என்றால் நின்றுபோதல். நிற்பதும் தடைபடுவதும் இல்லாமல், சரளமாக. "குழந்தை தங்குதடையின்றிப் படிக்கிறாள்." கோவில் பேச்சில் இதே பொருளுக்கு 'விக்கினமின்றி' என்பார்கள், விக்கினம் என்றால் காரியத்துக்கு வரும் இடையூறு, அதைத் தீர்ப்பவர் விக்கினேசுவரர், அதனால்தான் எந்தப் பூசைக்கும் பிள்ளையார் முதலில்.

19. தடுப்பது என்றாலே கெட்ட அர்த்தம்தானா?

இல்லவே இல்லை. சுந்தரருக்குத் திருமணம் நடக்கவிருந்தபோது ஒரு கிழவர் பழைய ஓலையோடு வந்து "நீ எனக்கு அடிமை" என்று கல்யாணத்தை நிறுத்தினார். வந்தவர் சிவன். அந்த நிகழ்ச்சிக்குப் பெரியபுராணம் கொடுத்த பெயர் தடுத்தாட்கொண்ட புராணம். தடுத்து, பிறகு தன் ஆளாக ஏற்றுக்கொண்டது. அடிமை ஓலை என்ற சொல் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேறு மாதிரியும் கேட்கும். அது வேறு விஷயம். திருக்குறளிலும், ஒருநாளும் வீணாக்காமல் நல்லது செய்தால் அதுவே மறுபிறவி வரும் பாதையை அடைக்கும் கல் என்கிறார் வள்ளுவர்: "வாழ்நாள் வழியடைக்கும் கல்." ஏழாம் கேள்வியின் அதே அடைதான், ஆனால் வேண்டி வைத்த கல்.

இங்கே தைப்பூசக் காவடியில் பார்க்கிற வாய்ப்பூட்டும் அப்படித்தான். விரதமிருந்து, நாக்கில் வேல் குத்திக்கொண்டு, பேச்சைத் தாமே பூட்டிக்கொள்கிறார்கள். பேச்சை அடுத்தவர் பூட்டினால் அது 'வாய்ப்பூட்டுச் சட்டம்'. சொல் ஒன்றுதான், சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

20. கடைசியாக ஒன்று. கோவிலில் ஒரு பெரியவர் வழியில் நிற்கிறார். மரியாதையாக "நீங்கள் வழியை மறிக்கிறீர்கள்" என்று எப்படிச் சொல்வது?

சொல்லவே கூடாது. எத்தனை 'ங்கள்' போட்டாலும் அது சண்டைக்குக் கூப்பிடுவதுபோலத்தான் கேட்கும். தமிழில் வழி கேட்கும்போது தடையைப் பற்றிப் பேசுவதில்லை, வழியைப் பற்றித்தான் பேசுவது. "ஐயா, கொஞ்சம் வழி விடுங்க." பாட்டியாக இருந்தால் "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" கையில் தீபாராதனைத் தட்டோ பால்குடமோ இருந்தால் ஒரு வார்த்தை போதும்: "வழி, வழி!" கூட்டம் தானாக ஒதுங்கும்.